மாறாதது செய்தி இல்லை என்றவருக்கு

ஐயா,

போன வாரம் உங்கள் மகன் என்னைத் தேடி ரிங்லெட்டுக்கு வந்திருந்தார். பளபளவென்று ஒரு கெரெத்தாவை வாசலில் நிறுத்தி இறங்கி, கையிலிருந்த பழைய பிஸ்கட் டின்னை என் மேசைமேல் வைத்தார். "அப்பா இத அலமாரியில பூட்டி வச்சிருந்தாரு அக்கா. என்னன்னே எங்களுக்குப் புரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு அம்மா சொன்னாங்க" என்றார். மூடியைத் திறந்தேன். குப்பென்று அந்த வாடை. மெஷின் எண்ணெயும் ஈரம் பட்ட காகிதமும் கலந்த வாடை. உள்ளே டெலக்ஸ் நாடா, ஓட்டை ஓட்டையாக, இறுக்கிச் சுருட்டி வைத்திருந்தீர்கள். அடடா, என்ன பத்திரம்! பெற்ற பிள்ளையின் சர்ட்டிபிகேட்டைக்கூட நீங்கள் இப்படிப் பாதுகாத்திருக்க மாட்டீர்கள்.

"அப்பா நினைவா ஒரு சின்ன புத்தகம் போடுறோம். நீங்க அவர்கிட்ட வேல பாத்தவங்க. ரெண்டு வரி, சுருக்கமா எழுதிக் குடுங்க லா அக்கா" என்றார் உங்கள் மகன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பாவம், அந்தப் பிள்ளை நான் அழுகிறேன் என்று நினைத்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். வாங்கிக் குடித்தேன்.

சுருக்கமாக எழுத எனக்கு வராது. வந்தாலும் உங்களைப் பற்றி எழுத மாட்டேன். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். இறந்துபோனவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் உங்களிடம் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். 'ஐயா' என்று ஆரம்பித்திருக்கிறேனே, அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு மணிக்கு ஆபீஸ் கதவைத் திறந்ததும் வாயில் வந்து பழகிய சொல், அவ்வளவுதான்.

நீங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிராணி, ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். நான் லயத்து வீட்டிலிருந்து ஐந்தாம் படிவம் வரை படித்து, தானா ராத்தாவில் டைப்பிங் பழகி, ஆபீஸில் மெஷின் அடிக்க வந்த பெண். எழுபதுகளின் கடைசி அது. என்னைச் சேர்த்துக்கொண்ட அன்று நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று கைகட்டி நின்றேன். மேலும் கீழும் பார்த்தீர்கள். "பேச்சக் கொற" என்றீர்கள். நான் அதுவரை வாயே திறக்கவில்லை!

டெலக்ஸ் வந்த புதிதில் தோட்டத்து ஜனங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். நான் இங்கே அடிப்பதைக் கோலாலம்பூர் தலைமை ஆபீஸில் இன்னொரு மெஷின் தானே அடித்துக் காட்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்குக் கட்டணம். அதனால் செய்தியை முதலில் நாடாவில் ஓட்டையாகப் போட்டு வைத்துக்கொண்டு, கம்பி கிடைத்ததும் நாடாவை மெஷினில் ஓடவிடுவேன். நம் மூன்று டிவிஷன் கிராணிகளும் காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் போன் போடுவார்கள். ஆள் எத்தனை, மழை எப்படி, உரம் எவ்வளவு, யாருக்குச் சுகமில்லை, டிராக்டர் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். நான் எழுதி எடுத்து அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் தலைமை ஆபீஸ் லோரி கம்பெனிக்கும் பெட்டி கம்பெனிக்கும் தூள் வாங்குகிறவர்களுக்கும் மதியத்துக்குள் சொல்லும். நம் செய்தி நீளமாகப் போனதால் அவர்கள் எல்லாரும் காத்துக் கிடந்தார்கள். அது உண்மை, மறுக்கவில்லை.

நீங்கள் முதலில் செய்த சுருக்கத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். 'மழையால் வேலை இல்லை' என்பதற்கு ஓர் எழுத்து, 'டிராக்டர் பழுது' என்பதற்கு ஓர் எழுத்து. கோலாலம்பூரில் ஓர் அட்டவணை, நம்மிடம் ஓர் அட்டவணை. நாடா பாதியாகக் குறைந்தது. தோட்டத்து மேனேஜர் துரை உங்கள் தோளில் தட்டினார். அந்தத் தட்டுதான் உங்களைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து உங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எதைப் பார்த்தாலும் இதில் எதை வெட்டலாம் என்று பார்த்தீர்கள். பியூன் சாமி வணக்கம் சொன்னால் தலையைக்கூட ஆட்ட மாட்டீர்கள், ரூலரை லேசாகத் தூக்குவீர்கள். மனைவி கொடுத்தனுப்பிய சோற்றுக் கேரியரில் துண்டுச் சீட்டு வைத்துத் திருப்பி அனுப்புவீர்கள். ஒருநாள் சாமி எனக்குக் காட்டினான். 'உப்பு -' என்று இருந்தது. உப்பு குறைவாம்! அந்த அம்மாள் எத்தனை வருஷம் அந்தச் சீட்டுகளைப் படித்தாரோ.

உங்களுக்கு ஆகவே ஆகாதது காலை நேரத்துப் போன் பேச்சு. அதிலும் மேல் டிவிஷன் போன். மேல் டிவிஷன் மலைக்கு அந்தப் பக்கம், ஆற்றுப் பாலம் தாண்டி, ஒரே ஒரு மண் ரோடு. அங்கிருந்து சின்னக் கிராணி பேசி முடித்ததும் என் அண்ணன் ராமையா போனைப் பிடுங்கிக்கொள்வான். உரம் ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுகிறவன், டிவிஷன் ஆபீஸ் வாசலிலேயே நிற்பான். "ஏ தங்கச்சி, சாப்டியா? இங்க ஒரே பனி லா, முன்னால நிக்கிற மாடு தெரியல. சின்னவனுக்குப் பல்லு வுழுந்திருச்சி. அண்ணி கேட்டதா சொல்லச் சொன்னா." நேற்றும் அதே பனி, அதே மாடு. நான் சிரித்துக்கொண்டே கேட்பேன். நீங்கள் ரூலரால் மேசையைத் தட்டுவீர்கள்.

ஒருநாள் மூன்று டிவிஷன் கிராணிகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு விதி போட்டீர்கள். கொழுந்துக் கணக்கு எப்படியும் லோரியோடு பேக்டரிக்கு வந்துவிடுகிறது. மற்ற விவரத்தில் நேற்றைக்கும் இன்றைக்கும் ஏதாவது மாறியிருந்தால் மட்டும் போன் போட வேண்டும். மாறவில்லையென்றால் போனே வேண்டாம். போன் வராத டிவிஷன் நேற்று போலவே இருப்பதாகக் கொள்ளப்படும். கோலாலம்பூருக்கும் அப்படியே, ஒன்றும் அனுப்பாவிட்டால் நேற்று போலவே. ரூலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாறினாத்தான் செய்தி. மாறாதது செய்தி இல்ல" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து வந்த மிக நீளமான பேச்சு அதுதான். கிராணிகள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் என் அண்ணன் பேச்சு போயிற்றே என்று நினைத்தேன். வேறு எதுவும் எனக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலை நேரத்துப் போனில் வந்தது கணக்கு மட்டுமல்ல. போன் வந்தது என்றால் அந்த டிவிஷன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன்னால் ஒருதடவை மரம் விழுந்து மேல் டிவிஷன் கம்பி அறுந்தபோது, போன் வரவில்லையே என்று தேநீர் நேரத்துக்குள் சாமி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டான். யாரும் அவனுக்கு உத்தரவு போடவில்லை. அது பழக்கம். நீங்கள் வெட்டி எறிந்தது அந்தப் பழக்கத்தை. நாடா மிச்சமாயிற்று என்று சந்தோஷப்பட்டீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம், வருஷக் கடைசி மழை. வானம் பொத்துக்கொண்டது. கொழுந்து எடுப்பு நின்றுபோய் லோரியும் ஓடவில்லை. ஒருநாள் காலை ஆற்று டிவிஷனிலிருந்து மட்டும் போன் வந்தது, வாய்க்கால் உடைந்துவிட்டதாம். மற்ற இரண்டும் வரவில்லை. கோலாலம்பூருக்கு அடிக்க வேண்டியதை எழுதி நீங்கள் திருப்தியாகத் துண்டுச் சீட்டை நீட்டினீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணன் வீடு லயத்தின் கடைசி வீடு, பின்னாலேயே மண்மேடு. மேல் டிவிஷன் போன் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். அந்தப் பழைய போனில் கம்பி நன்றாக இருந்தால் கைப்பிடி கனமாகச் சுற்றும். அன்றைக்கு லேசாகச் சுற்றியது, வெறும் காற்றைச் சுற்றுகிற மாதிரி.

"ஐயா, மேல் டிவிஷன் கம்பி போயிருச்சி போல. சாமிய அனுப்புங்க" என்றேன்.

"போன் வரல. அதனால நேத்து மாதிரி."

"கம்பியே இல்லாம எப்படி ஐயா போன் வரும்?"

நீங்கள் என்னை எவ்வளவு இரக்கத்தோடு பார்த்தீர்கள்! மரமண்டைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள்: "கம்பி போனா அது மாற்றம். மாற்றம்னா அவங்க போன் போட்டுச் சொல்லுவாங்க."

சாமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் மோட்டார் சாவியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினீர்கள், பெட்ரோல் வீணாம். துரை அந்த வாரம் கோலாலம்பூரில். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. நான் நாடாவை ஓடவிட்டேன். மேல் டிவிஷனைப் பற்றி அதில் ஓர் ஓட்டைகூட இல்லை. தலைமை ஆபீஸில் அதைப் படித்தவர்களுக்கு எங்கள் அண்ணன் வீடு நேற்று போலவே நின்றுகொண்டிருந்தது.

அது அன்று விடியற்காலையிலேயே சரிந்துவிட்டிருந்தது. மண்மேடு இறங்கிப் பின்சுவரைத் தள்ளி, கூரை உத்தரம் அண்ணன் கால்மேல் விழுந்துவிட்டது. அண்ணியும் பிள்ளைகளும் முன்பக்கம் படுத்திருந்ததால் தப்பித்தார்கள். லயத்து ஆட்கள் மண்ணைத் தோண்டி அவனை வெளியே எடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் கிடத்தி, முழங்காலுக்குக் கீழே துணியால் இறுக்கிக் கட்டினார்கள். பாலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. சரி, ஏன் அவர்கள் உடனே காட்டு வழியாக ஆள் அனுப்பவில்லை? அதைத்தான் நான் இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்ல நினைத்தேன். அவர்கள் காத்திருந்தார்கள் ஐயா. போன் போகாவிட்டால் ஆபீஸில் தெரிந்துவிடும், மோட்டார் வந்துவிடும் என்று காத்திருந்தார்கள். உங்கள் விதி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பழக்கத்துக்கு எங்கள் அப்பா காலத்து வயசு.

மறுநாளும் போன் வரவில்லை. நீங்கள் அதே முகத்தோடு அதே துண்டுச் சீட்டை நீட்டினீர்கள். நான் எழுந்து நின்று கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? "உக்காரு" என்றீர்கள். மத்தியானம்போல ஆபீஸ் வாசலில் மேல் டிவிஷன் சின்னக் கிராணி வந்து நின்றார். நெஞ்சு வரைக்கும் சேறு, ஒரு காலில் செருப்பு இல்லை, உடம்பெல்லாம் அட்டைக்கடி. காட்டைச் சுற்றி வந்திருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஏன் யாரும் வரல?" என்று கேட்டார். "நேத்துலருந்து ரோட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கோம். போன் வரலன்னா ஆள் வரும்ல? ஏன் வரல? ராமையா கால் கறுத்துப்போச்சி."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "ஒங்க டிவிஷன்ல மாற்றம் எதுவும் வரலயே" என்றீர்கள். சேறும் ரத்தமுமாக நிற்கிற மனிதனைப் பார்த்துக்கொண்டே! அந்தச் சாந்தமான மனிதர் உங்கள் சட்டையைப் பிடிக்கக் கையைத் தூக்கிவிட்டு, பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சாமி பூட்டை உடைத்துச் சாவியை எடுத்தான். ஆட்கள் ஓடினார்கள். கதவுப் பலகையில் அண்ணனைக் கிடத்தி ஆற்றைக் கடத்தி, தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க வளைவுக்கு வளைவு அவன் கத்தினான். டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, "நேத்தே கொண்டாந்திருந்தா கால வச்சிருக்கலாம்மா" என்றார். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் நான் ஆபீஸுக்கு வந்தேன். அழுதுகொண்டு வரவில்லை, உங்கள் துண்டுச் சீட்டைப் பார்க்க வந்தேன். இதை என்னவென்று சுருக்குவீர்கள் என்று பார்க்க ஆசை. நீட்டினீர்கள். 'மேல்: ஆள் குறைவு 1. மற்றது நேற்று போல.' என் அண்ணன் செத்துப்போகவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பீடி கேட்டு நர்சோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் டிராக்டர் ஓட்ட முடியாதவன், அதனால் உங்கள் கணக்கில் ஆளே இல்லை. எனக்கு அதுவரை உங்கள்மேல் கோபம் இருந்தது. அந்தச் சீட்டைப் படித்ததும் கோபம் போய்விட்டது. கொஞ்சமாவது மதிப்பு இருக்கிற ஆள்மேல்தானே கோபப்பட முடியும்? எனக்கு உங்களைப் பார்க்க இளக்காரமாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

உட்கார்ந்து நாடாவில் அடித்தேன். சின்னப்பன் மகன் ராமையா, மேல் டிவிஷன், உர டிராக்டர் ஓட்டுகிறவர், கடைசி லயத்து வீடு, மண் சரிந்து உத்தரம் விழுந்தது, முதல் நாள் போன் வரவில்லை, யாரும் போய்ப் பார்க்கவில்லை, மறுநாளும் வரவில்லை, யாரும் போய்ப் பார்க்கவில்லை, கால் போய்விட்டது, மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல். நாடா மேசையிலிருந்து இறங்கித் தரையில் சுருண்டு சுருண்டு விழுந்தது.

"என்னா இது? நாடா தரையெல்லாம் கெடக்கு!" என்று நீங்கள் எழுந்து வருவதற்குள் ஓடவிட்டுவிட்டேன். நீங்கள் என் தலைக்குப் பின்னால் நின்று, "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நாடா முடிந்தது. பிறகு மெஷின் தானாக அடிக்க ஆரம்பித்தது. கோலாலம்பூரில் மெஷின் முன்னால் இருந்தது யாரென்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, சீனரா மலாய்க்காரரா, இன்றுவரை தெரியாது. அந்த ஆள் கேட்டார்: 'ராமையா இப்போது எப்படி இருக்கிறார்?'

அத்தனை வருஷத்தில் அந்த மெஷின் ஒரு மனிதனைப் பற்றி விசாரித்தது அன்றைக்குத்தான். பதில் சொல்ல விரலை வைத்தேன். நீங்கள் குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டீர்கள். சிவந்துபோன முகத்தோடு, கையில் பிளக்கோடு நின்றீர்கள். "இது ஆபீஸ்" என்றீர்கள். நான் என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரிங்லெட்டில் காய்கறி மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை கிடைத்தது. பிறகு அந்த மெஷினை நான் தொடவில்லை.

கூத்து அதற்குப் பிறகுதான். துரை திரும்பி வந்து, தினமும் எல்லா டிவிஷனும் போன் போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டாராம், சாமி சொன்னான். நீங்கள் உடனே ஒரு புதுத் திட்டம் தீட்டினீர்கள். டிவிஷன் கிராணி கைப்பிடியை ஒரே ஒரு தடவை சுற்ற வேண்டும். இங்கே ஒரு மணி அடிக்கும். யாரும் போனை எடுக்க வேண்டாம், பேச வேண்டாம். ஒரு மணி என்றால் டிவிஷன் இருக்கிறது என்று அர்த்தம். ஆக, ஒருவன் கால் போனபிறகும் உங்களால் ஒரு வணக்கத்தைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. அந்தத் திட்டத்துக்குத்தான் தலைமை ஆபீஸிலிருந்து உங்களுக்குக் கைக்கடிகாரம் வந்தது. என் அண்ணனின் காலை வைத்துக் கடிகாரம் வாங்கினீர்கள். வேறு எப்படிச் சொல்வது?

அந்தக் கடிகாரத்தைப் பிரிஞ்சாங்கில் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தேன். எண்பதுகள் முடியப்போகிற நேரம், பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் படிக்கக் கிளம்பிய காலம். நீங்கள் இளைஞர்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, "செய்தியச் சுருக்கி அனுப்புறதுன்னு இப்ப நீங்க படிக்கிறத நான் தோட்டத்துலயே செஞ்சிட்டேன்" என்று அளந்துகொண்டிருந்தீர்கள். பேச்சைக் குறை என்று எனக்குச் சொன்னவர்! உங்கள் பெருமையை மட்டும் நீங்கள் சுருக்கியதே இல்லை. எதிர்ப் பந்தியில் அண்ணன் இருந்தான், ஊன்றி நடக்கிற கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு. நீங்கள் பார்க்காத மாதிரி நகர்ந்திருக்கலாம். கூட்டம் பார்க்கிறதே என்று பெருந்தன்மையாகக் குரல் கொடுத்தீர்கள்.

"என்ன ராமையா, எப்படி இருக்க?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தான். எப்போதும் வாய் ஓயாதவன், அன்றைக்கு இரண்டே வார்த்தை சொன்னான்.

"நேத்து மாதிரியேதான்."

உங்களைச் சுற்றியிருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நீங்கள் பாயசத்துக்குக்கூட இருக்காமல் எழுந்து கைகழுவப் போய்விட்டீர்கள். அன்று நான் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அண்ணனுக்கு வேலையோடு தோட்டத்து வீடும் போனபிறகு, கியா பார்மில் ரோட்டோரம் ஒரு கடை போட்டான். சோளம், ஸ்ட்ராபெரி, பூச்சட்டி. இப்போது பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனாலும் காலையில் தான் போய் உட்கார்ந்தால்தான் அவனுக்குக் கடை திறந்த மாதிரி. உட்கார்ந்ததும் எனக்குப் போன் போடுவான். ஒருநாள் தப்பியதில்லை. "நான்தான் பேசுறேன். கட தெறந்தாச்சி. மழ தூறுது லா. ஸ்ட்ராபெரி கொஞ்சம் அழுகிப்போச்சி. இல்லாத காலு வலிக்குது. நீ சாப்டியா?" வயசாகிவிட்டதில் மறந்துபோய்ச் சில நாள் எல்லாவற்றையும் திரும்ப ஒருதடவை சொல்வான். நேற்றும் அதே மழை, அதே அழுகல். இதைத்தான் சொல்லிவிட்டாயே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, சாப்பிட்டேன் அண்ணே என்பேன். இன்று காலையும் அப்படித்தான் பேசினோம்.

ஒருநாள் அந்தப் போன் வராது. அவனுக்கும் வயசு ஏறுகிறது, எனக்குத் தெரியாதா? அன்றைக்கு, நேற்று போலவே இருப்பான் என்று நான் உட்கார்ந்திருக்க மாட்டேன், ஐயா. வாசலில் எந்த லோரி போனாலும் நிறுத்தி ஏறிக்கொள்வேன்.